மேசையில் ஏறிய வண்டுக் கார்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரிக் கார் என்றால் அது சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் நினைக்கின்றோம். உயர்தரம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை அதைச் செய்துகொண்டிருந்தால், "படிக்கிற நேரத்தில் இது என்ன வேலை?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிறிய பெட்டிக்குள் பௌதிகவியலும் இரசாயனவியலும் கணிதமும் இருக்கின்றன. பெட்டிக்குள் இல்லாத, நம் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டுமே இருக்கின்ற ஒரு பகுதியும் அதற்கு வேண்டும். பழைய கார் ஒன்றின் மாதிரியை எப்படிக் கட்டுவது, அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுக்கு நான் கட்டி முடித்த காரையே எடுத்துக்கொள்கிறேன். அது 1966ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த வொக்ஸ்வேகன் 1300 பீட்டில். கட்டாரில் வேலை செய்யும் என் நானா விடுமுறையில் வந்தபோது பெட்டியைக் கொண்டுவந்து தந்தார்.

மாதிரிப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன?

இங்கிலாந்தின் எயார்பிக்ஸ் நிறுவனம் 1939இல் தொடங்கப்பட்டது. 1949இல் பெர்கியூசன் உழவு இயந்திரத்தின் சிறிய மாதிரியொன்றை அது செய்தது. உண்மையான உழவு இயந்திரத்தை விற்கும் முகவர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. பின்னர் அதன் துண்டுகளைப் பெட்டியில் போட்டு, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளட்டும் என்று விற்றபோது மாதிரிப் பெட்டி வியாபாரம் வளர்ந்தது.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனமோ 1946இல் மர வியாபாரத்தில் தொடங்கி, மர மாதிரிகளுக்கு வந்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. இன்று பழைய கார்களின் மாதிரிகளில் அதிகம் பேசப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று.

மலைக்கு ஏற்ற வண்டு

'பீட்டில்' என்றால் வண்டு. காரின் முதுகைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். 1930களில் ஜேர்மனியில் பேர்டினன்ட் போர்ஷே இதனை வடிவமைத்தார். போர் முடிந்த பின், 1945இல், பிரித்தானிய இராணுவ அதிகாரியான மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் வொல்ப்ஸ்பர்க் தொழிற்சாலையில் அதன் உற்பத்தியை மீண்டும் தொடங்கச் செய்தார். கடைசி பீட்டில் 2003 ஜூலை 30ஆம் திகதி மெக்சிகோவின் புவெப்லா நகரில் வெளிவந்தது. அதுவரை 2 கோடியே 10 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டிருந்தன.

நம் ஊவா மலைகளுக்கும் இந்தக் காருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றரில் இருக்கிறது. ஹாலி-எல, தெமோதர வழியாகப் போகும் வாகனம் அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான உயரத்தை ஏறியாக வேண்டும். பழைய கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைத் தண்ணீரால் குளிர்விப்பவை. நீண்ட ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிடும். பீட்டிலில் ரேடியேட்டரே இல்லை. பின்பக்கத்திலிருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினை ஒரு விசிறி காற்று வீசிக் குளிர்விக்கிறது. அந்த விசிறியை ஒரு பெல்ட் சுழற்றுகிறது. எஞ்சினின் பாரம் பின் சில்லுகளின் மேல் இருப்பதாலும், காரைத் தள்ளுவதும் அதே சில்லுகள் என்பதாலும், ஈரமான தோட்டப் பாதையில் ஏறும்போது டயருக்கு நல்ல பிடிப்பு கிடைக்கிறது. எஞ்சினின் கொள்ளளவு 1,285 கன சென்ரிமீற்றர், வலு 40 குதிரைவலு மட்டுமே.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தபோது மூத்த வாப்பா சிரித்தார். எழுபதுகளில் அவர் பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, சம்பள நாட்களில் பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிச் சென்று வியாபாரம் செய்தவர். "மத்த கார்க்காரங்க ஓடையில நிப்பாட்டி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பாங்க மகள். நாங்க கையைக் காட்டிட்டுப் போயிருவோம்" என்றார்.

அக்காலத்தில் புதிய கார்களை இறக்குமதி செய்வதற்கு நாட்டில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருக்கின்ற காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அதனால்தான் அந்தத் தலைமுறையினருக்குத் தங்கள் காரின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்திருக்கிறது.

இருபத்து நான்கில் ஒரு பங்கு

மாதிரிக் கார்களுக்குப் பரவலாகப் பயன்படும் அளவிடை 1/24 ஆகும். உண்மையான காரின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலமாகும். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2,400 மில்லிமீற்றர். 24ஆல் வகுத்தால் சரியாக 100 மில்லிமீற்றர். காரின் நீளம் 4.07 மீற்றர். மாதிரியில் அது ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். பாடசாலை அடிமட்டத்தை வைத்தே மாதிரி சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம்.

நீளம் 24 மடங்கு குறைந்தால் பாரமும் 24 மடங்கு குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் கனவளவு 24 × 24 × 24, அதாவது 13,824 மடங்கு குறைகிறது. உண்மையான கார் ஏறத்தாழ 800 கிலோகிராம் பாரமுடையது. அதே உலோகங்களால் அதே விகிதத்தில் மாதிரியைச் செய்ய முடிந்தால் அது 58 கிராம் அளவே இருக்கும். மேற்பரப்பு மட்டும் 576 மடங்கு குறையும். இந்த மூன்று எண்களையும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால் அளவிடை பற்றிய பாடம் மறக்காது.

பெட்டியைத் திறந்தவுடன்

பெட்டிக்குள் துண்டுகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஏணி போன்ற பிளாஸ்டிக் சட்டங்களில் காய்கள் காய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, மிகுந்த அழுத்தத்துடன் உருக்கு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அது குளிர்ந்து இறுகியதும் அச்சைத் திறந்து எடுக்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால்கள்தான் அந்தச் சட்டங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் இருக்கும். வழிகாட்டித் தாள் அந்த எண்களைக் கொண்டு படம்படமாக வேலையைக் காட்டும்.

முதல் நாள் எதையும் வெட்டக் கூடாது. வழிகாட்டியை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கத்துக்கா இடப்பக்கத்துக்கா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் கார்களுக்கு அது வலப்பக்கம். பிறகு சட்டங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வர்ணம் பிடிக்காது.

சில பெட்டிகளில் ஓட்டுநரின் உருவமும் இருக்கும். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வதில் மார்க்கம் காட்டும் பேணுதலை எண்ணி, அதைச் சட்டத்திலேயே விட்டுவிடலாம். காருக்கு அதனால் ஒரு குறையும் வராது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

துண்டுகளைக் கையால் முறித்தெடுத்தால் ஓரம் பிய்ந்துவிடும். சிறிய வெட்டுக்குறடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கூரான நகவெட்டி போதும். துண்டுக்கு நெருக்கமாக வெட்டாமல் சற்றுத் தள்ளி ஒருமுறை, பின்பு நெருங்கி ஒருமுறை என்று இரண்டு தடவை வெட்ட வேண்டும். மிச்சத்தைச் சேன்ட் பேப்பரால் தேய்க்கலாம். 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 1,000 வரை மென்மையாக்கினால் தழும்பு தெரியாது.

இந்தப் பிளாஸ்டிக்குக்கென்று தனிப் பசை இருக்கிறது. சாதாரணப் பசைபோல் அது இரண்டு துண்டுகளுக்கிடையே ஒட்டும் படலமாக நிற்பதில்லை. அது ஒரு கரைப்பான். இரு துண்டுகளின் மேற்பரப்பையும் சிறிது கரைக்கிறது. கரைந்த பல்பகுதியச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. நீர்போன்ற மெல்லிய பசையாயின், துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டாலே போதும். அது தானாக உள்ளே ஓடிவிடும். பௌதிகவியலில் படிக்கும் மயிர்த்துளை விளைவு இதுதான்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்:

ஒன்று, நகப்பூச்சு நீக்கியை இந்தத் துண்டுகளின் அருகில் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள அசற்றோன் பொலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்.

இரண்டு, காரின் கண்ணாடிகளுக்கு உடனடியாக ஒட்டும் சுப்பர் பசையைப் பூசாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். பாடசாலைக் கைவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். அது காய்ந்தால் நிறமற்றதாகிவிடும்.

மூன்று, பசையும் வர்ணமும் வெளிவிடும் ஆவி உடலுக்குக் கெடுதியானது. ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் முற்றத்துக்குப் போய்விட வேண்டும்.

பம்பர், முன்விளக்கு வளையம் போன்ற பளபளப்பான துண்டுகளில் உலோகப் பூச்சு இருக்கும். வர்ணத்தின் மீதோ உலோகப் பூச்சின் மீதோ கரைப்பான் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டிவிட வேண்டும்.

வர்ணமும் பதுளை மழையும்

காரின் உடலுக்கு வர்ணம் பூசுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. காய்வதற்கு அதிக நாள் எடுப்பதால் உடலுக்கு முதலில் வர்ணம் பூசிவிட்டு, அது காயும் நாட்களில் அடித்தளத்தையும் எஞ்சினையும் இருக்கைகளையும் கட்டலாம்.

உண்மையான காரில் வர்ணத்தின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். மாதிரிக்கு அதை 24ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்கு வருகிறது. அவ்வளவு மெல்லியதாக யாராலும் பூச முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், தடிப்பாக ஒரு தடவை பூசுவதைவிட மெல்லியதாக நான்கு தடவை பூசுவது ஏன் நல்லது என்று புரியும். வர்ணம் கூடினால் கதவின் கோடுகள் மூடிப்போகும். உண்மையான பீட்டிலில் நான்கு மட்காட்களும் தனித்தனியாகப் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. மட்காட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு மறைந்துவிட்டால் பார்ப்பவருக்கு அது பீட்டிலாகவே தெரியாது.

நம் ஊரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை பதுளையில் மழை அதிகம். ஈரக்காற்றில் ஸ்பிரே வர்ணம் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அதில் ஒடுங்கி, வர்ணத்தில் பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்கிறது. எனவே மழை நாளில் உள்வேலையைச் செய்துவிட்டு, வெயில் ஏறிய ஒரு காலைப்பொழுதை ஸ்பிரே வேலைக்கு ஒதுக்க வேண்டும்.

பெட்டியில் இல்லாதவை

இதுவரை சொன்னவற்றை வழிகாட்டித் தாளையும் பாடப்புத்தகத்தையும் வைத்து எவரும் செய்துவிடலாம். அப்படிக் கட்டினால் ஒரு பீட்டில் கிடைக்கும். எனக்கோ மூத்த வாப்பாவின் பீட்டில் வேண்டியிருந்தது. அந்தக் கார் பல வருடங்களுக்கு முன்பே பகுதி பகுதியாக விற்கப்பட்டுவிட்டது. வீட்டில் இருப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். மூத்த வாப்பாவின் பார்வையும் இப்போது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி நிறம். "வெள்ளை" என்றார் மூத்த வாப்பா. "இல்ல, தேத்தண்ணிக்குப் பால் ஊத்தின மாதிரி ஒரு நிறம்" என்றார் வாப்பும்மா. "நான் ஓட்டின காரு எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்க, "நான் அதுல ஏறித்தானே உங்க வீட்டுக்கு வந்தேன்" என்று இவர் சொல்ல, இரண்டு நாட்கள் பேச்சு முடியவில்லை.

வாப்பா என்னைக் காரைத் திருத்திவந்த கராஜுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த வயதான பாஸ், பின்சுவரில் தொங்கிய ஒரு மட்காட்டைக் காட்டினார். மூத்த வாப்பாவின் காரிலிருந்து கழற்றியதுதான் அது. ஒரு சேன்ட் பேப்பர்த் துண்டை நனைத்து, ரூபாய்க் குற்றி அளவான இடத்தை வட்டமாகத் தேய்த்தார். மேலே வெள்ளை. அதன் கீழே பால் தேநீர் நிறம். அதற்கும் கீழே சாம்பல் நிறப் பிரைமர், பிறகு தகரம். மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. வாப்பும்மா சொன்னது திருமணமான காலத்து நிறம். மூத்த வாப்பா சொன்னது பின்னாளில் திருத்தி அடித்த நிறம். இருவரும் சரி.

மாதிரி கட்டுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டிய ஒன்றை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். ஒரு கார் பல வருடம் ஓடுகிறது, வருடத்துக்கு வருடம் மாறுகிறது. மாதிரியோ ஒரு வருடத்தில்தான் நிற்க முடியும். எந்த வருடம் என்று தீர்மானித்தால்தான் நிறம், இலக்கத் தகடு, கூரையிலுள்ள சாமான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். நான் துணி வியாபாரம் தொடங்கிய வருடங்களைத் தேர்ந்தெடுத்து, வெள்ளையுடன் மண்ணிறமும் சிறிது மஞ்சளும் கலந்து அந்த நிறத்தைச் செய்தேன்.

பெட்டியில் இருந்தவை வெளிநாட்டு இலக்கத் தகடுகள். நம் பழைய கார்களில் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தாக, நடுவே 'ஸ்ரீ' எழுத்துடன் இலக்கம் இருக்கும். கணினியில் சிறிதாக அச்சிட்டு ஒட்டினேன். இலக்கத்தைக் கேட்டபோது மூத்த வாப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

துணி மூட்டைகள் கட்டும் கூரைச் சட்டமும் பெட்டியில் இல்லை. மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தின் நடுப்பகுதியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாத உயரத்தில் பிடித்தால் அது இளகும். உடனே இரு முனைகளையும் மெதுவாக இழுத்தால் நூல்போல் நீளும். குளிர்ந்ததும் மெல்லிய கம்பியாகிவிடும். அந்தக் கம்பிகளை வெட்டி ஒட்டிக் கூரைச் சட்டம் செய்தேன். பொலிஸ்டைரீன் எளிதில் தீப்பற்றும். ஆகவே இதைப் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் செய்யவே கூடாது. மூட்டைகளை டிஷ்யு தாளில் வெள்ளைப் பசை தடவி உருட்டினேன்.

கட்டி முடித்ததை மூத்த வாப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் பார்ப்பதற்கு முன் தடவிப் பார்த்தார். முன் பொனட், முன்கண்ணாடி, கூரைச் சட்டம், பின் வளைவு என்று விரல் சென்றது. "முன்னுக்கு ஸ்பெயார் வீல் இருக்கும். அந்த டயர்க் காத்துலதான் கண்ணாடி கழுவுற தண்ணி அடிக்கும்" என்றார். அக்காலத்து பீட்டிலில் முன்கண்ணாடியில் நீர் தெளிப்பதற்குத் தனி மோட்டர் இல்லை, உதிரி டயரின் காற்றழுத்தமே அந்த வேலையைச் செய்தது என்பதை நான் பின்னர் தேடி அறிந்தேன். அவரிடம் கேட்டிராவிட்டால் அதைத் தேடியிருக்கவே மாட்டேன்.

தொடங்க விரும்பும் தங்கைகளுக்கு

இந்தப் பெட்டிகள் நம் ஊர்க் கடைகளில் இலகுவில் கிடைப்பதில்லை, விலையும் குறைவில்லை. அதனால் தொடங்க முடியாது என்று எண்ண வேண்டாம். தடித்த காட்போட் அட்டை, அடிமட்டம், கத்தரிக்கோல், வெள்ளைப் பசை ஆகியவை போதும். உங்கள் வீட்டு முச்சக்கர வண்டியையோ, தோட்டத்துக் கொழுந்து லொறியையோ அளந்து 24ஆல் வகுத்து அட்டையில் வெட்டிப் பாருங்கள். அளவெடுப்பதுதான் இந்தக் கலையின் பாதி.

நேரத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. நான் அஸர் தொழுகைக்குப் பின் அரை மணித்தியாலம் மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். ஒட்டிய துண்டு காய்வதற்குள் இணைந்த கணிதத்தில் இரண்டு கணக்குகளைச் செய்துவிடலாம். துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைவிட அது இரண்டுக்கும் நல்லது. எஞ்சினையும் அச்சையும் கையால் பொருத்திப் பார்த்த பிள்ளை, நாளை பொறியியலோ தொழினுட்பமோ படிக்கப் போகும்போது அந்தப் பெயர்களைக் கேட்டு அஞ்ச மாட்டாள்.

ஒரேயொரு வேண்டுகோள். எந்த வாகனத்தைத் தேர்ந்தெடுத்தாலும், வெட்டத் தொடங்குவதற்கு முன் அதை ஓட்டியவரிடமும் திருத்தியவரிடமும் போய் உட்காருங்கள். மலைத்தோட்ட லொறிச் சாரதிகள், பழைய பஸ் நடத்துநர்கள், கராஜ் பாஸ்மார் பலர் நம்மிடையே முதியவர்களாக வாழ்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதிரி கைதவறி உடைந்தால் இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ். அந்தக் கொப்பியை மட்டும் பத்திரமாக வையுங்கள்.